வரிசை உன்னுடையது, எண் எங்களுடையது: பள்ளி மதிப்பெண்ணைச் சரிக்கட்டுவது பற்றி

1

சிட்னியில் வெகுகாலமாக இருந்துவரும் ஈழத்து நண்பர் ஒருவர் சிறுபத்திரிகை விஷயமாகத்தான் எப்போதும் என்னைக் கூப்பிடுவார். எந்த இதழ் வந்தது, எது நின்றுபோனது, யாருக்கும் யாருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை, இப்படி. ஒருநாள் அதையெல்லாம் விட்டுவிட்டு மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 'தம்பி, ஒரு வருஷமா அவள் கட்டுரை எழுதினவள், ஆய்வு செய்தவள், வகுப்பில நிண்டு பேசினவள். எல்லாத்தையும் கூட்டிப் பள்ளிக்கூடம் ஒரு மார்க் அனுப்பிப்போட்டுது. எவ்வளவு அனுப்பினது எண்டு கேட்டா சொல்லமாட்டினமாம். வகுப்பில எத்தனையாவது ஆள் எண்டு மட்டும்தான் அறியலாமாம். இதென்ன நியாயம், சொல்லும் பாப்பம்.'

பள்ளிக்கூடம் எதையோ ஒளிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். விதிகளைத் தேடிப் படித்தபோது ஒளிப்பதே விதி என்று புரிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளிப் படிப்பின் முடிவில் தரப்படுவது எச்.எஸ்.சி. சான்றிதழ். முதல் எச்.எஸ்.சி. தேர்வு 1967இல் நடந்தது. இன்றைக்கு ஒரு பாடத்தில் மாணவர் பெறும் இறுதி மதிப்பெண்ணில் பாதி, மாநிலம் முழுக்க நடக்கும் பொதுத்தேர்விலிருந்து வருகிறது. மறுபாதி, பள்ளிக்கூடம் வருடம் முழுக்கச் செய்த மதிப்பீட்டிலிருந்து. ஆனால் பள்ளி அனுப்புகிற எண் அப்படியே சான்றிதழில் ஏறிவிடாது. மாநிலக் கல்வித் தர ஆணையம் அதைப் பொதுத்தேர்வு முடிவைக் கொண்டு திருத்தி, திருத்திய எண்ணைத்தான் ஏற்றும். இதற்கு அங்கே மாடரேஷன் என்று பெயர். நம்மூரில் மாடரேஷன் என்றால் பல்கலைக்கழகம் ரெண்டு மார்க் சேர்த்துப் போட்டுப் பாஸ் பண்ணவைக்கிற கருணை. அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் 'சரிக்கட்டல்' என்ற நம் வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். கணக்கைச் சரிக்கட்டுவது, ஆளைச் சரிக்கட்டுவது என்று அதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு இரண்டும் தேவைப்படும்.

தேர்வு பற்றி எழுதுவதை நாம் ஆசிரியர் சங்கங்களுக்கும் கல்வியாளர்களுக்கும் விட்டுவிட்டோம். ஆனால் யாருடைய தீர்ப்பு செல்லும், யாருடைய தீர்ப்பு செல்லாது, செல்லாத தீர்ப்பை எப்படித் திருத்துவது என்பது விமர்சனத்தின் அடிப்படைப் பிரச்சினை. அந்த வகையில் சரிக்கட்டல் விதியையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

2

விதி எளிமையானது. ஒரு பள்ளியில் ஒரு பாடத்தை எடுத்த மாணவர்களை ஒரு குழு என்று கொள்கிறார்கள். முதலாவது, பள்ளி மதிப்பீட்டில் முதலிடம் பெற்றவருக்கு, அந்தக் குழுவில் பொதுத்தேர்வில் யார் எடுத்ததாக இருந்தாலும், மிக உயர்ந்த மதிப்பெண் போய்ச் சேரும். இரண்டாவது, குழுவின் மதிப்பீட்டுச் சராசரி பொதுத்தேர்வுச் சராசரிக்குச் சமமாக்கப்படும். மூன்றாவது, கூடுமானவரை கடைசி இடத்தில் இருப்பவருக்குப் பொதுத்தேர்வின் மிகக் குறைந்த மதிப்பெண் பொருத்தப்படும். நடுவில் இருப்பவர்கள், ஆசிரியர் போட்ட இடைவெளியின் விகிதம் முடிந்தவரை கெடாமல், இந்த மூன்று புள்ளிகளுக்கிடையே பொருத்தப்படுவார்கள். ஆசிரியர் போட்ட வரிசை மட்டும் மாறாது.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பள்ளியில் 95, 93, 91 என்று தாராளமாக அள்ளிப்போடுவார்கள். இன்னொரு பள்ளியில் அதே தரமுள்ள பிள்ளைகளுக்கு 60, 58, 56 என்று கஞ்சத்தனமாகப் போடுவார்கள். இரண்டு வகுப்பும் பொதுத்தேர்வில் ஒரே மாதிரி எழுதினால் சரிக்கட்டலுக்குப் பிறகு இரண்டு வகுப்புக்கும் ஒரே எண்கள்தான் வரும். தாராளத்தால் லாபமில்லை, கஞ்சத்தனத்தால் நஷ்டமில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை ஊதிப் பெருக்கும் பள்ளிக்கு இந்த விதி வைத்த ஆப்பு என்றே இதைச் சொல்லலாம். அதை நான் சாதாரணமாகத் தள்ளிவிடமாட்டேன். பின்னால் அதற்கு வருகிறேன்.

இப்போது இந்தப் பிரதியில் ஆசிரியரின் குரலுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 'இவள் அவனைவிட மேல்' என்று ஆசிரியர் சொல்லலாம். அது செல்லும். 'இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்' என்று சொன்னால் அது செல்லாது. வரிசை உன்னுடையது, எண் எங்களுடையது என்கிறது விதி. அதனால்தான் நண்பரின் மகளுக்கு எண் சொல்லப்படவில்லை. சொன்னால் அது பிறகு சான்றிதழில் வருகிற எண்ணோடு ஒத்துப்போகாது. வரிசை ஒன்றுதான் கடைசிவரை உயிரோடு இருக்கப்போவது என்பதால் அதை மட்டும் தெரிந்துகொள்ளலாம். அந்த வரிசை தவறு என்று முறையிடலாம். ஆனால் பள்ளி தன் நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றியதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஒரு கட்டுரைக்கு ஆசிரியர் போட்ட மார்க் சரிதானா என்ற கேள்வி அங்கே எழாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பள்ளி மதிப்பீடு எதற்காக வந்தது? மூன்று மணிநேரத் தேர்வால் அளக்க முடியாதவற்றை அளக்க. ஒரு மாதம் உட்கார்ந்து செய்கிற ஆய்வு, வாய்மொழியாகப் பேசுவது, எழுதியதைத் திரும்ப எழுதுவது, செய்து காட்டுவது. இவை தேர்வுத்தாளில் வராது என்று ஒப்புக்கொண்டுதான் பாதி மதிப்பெண்ணைப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு, அந்தப் பாதியின் அளவு என்ன என்பதை அதே தேர்வுத்தாளைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். முழக்கோலால் அளந்ததை, தராசில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத் திருத்துவது மாதிரி.

தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு ஃபூக்கோ 1975இல் எழுதியதில் தேர்வு பற்றி வரும் பகுதி நினைவுக்கு வரும். கண்காணிப்பும் இயல்பாக்கும் தீர்ப்பும் ஒன்றுசேர்கிற இடமாகத் தேர்வை அவர் காட்டினார். பார்க்கப்படுகிறவன் மாணவன், பார்க்கிறவர் ஆசிரியர். சரிக்கட்டலில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. ஆசிரியரும் பார்க்கப்படுகிறார். மாணவன் எழுதும் விடைத்தாள் ஆசிரியருக்கு எதிரான சாட்சியமாக வாசிக்கப்படுகிறது. மாணவனுக்கு அது தெரியாது. தான் எழுதுவது தன் பரீட்சை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

3

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, எண்களைப் பிறகு தரப்படிகளோடு பொருத்தும் வேலையை விட்டுவிடுகிறேன். வகுப்பில் இரண்டே பேர். முன்பெஞ்சுக்காரன் ஒருவன், பின்பெஞ்சுக்காரி ஒருத்தி. வருடம் முழுக்க மதிப்பிட்ட ஆசிரியர் முன்பெஞ்சுக்கு 90, பின்பெஞ்சுக்கு 60 என்று அனுப்புகிறார். பொதுத்தேர்வில் முன்பெஞ்சு 62 எடுக்கிறான், பின்பெஞ்சு 88 எடுக்கிறாள்.

விதிப்படி வரிசை மாறாது. முதலிடத்தில் இருப்பவனுக்கு உயர்ந்த தேர்வு மதிப்பெண்ணான 88 போகும். கடைசியில் இருப்பவளுக்கு 62 வரும். சராசரி இரண்டு பக்கமும் 75. இப்போது பாதிப்பாதியாகக் கூட்டுங்கள். அவனுக்கு மதிப்பீடு 88, தேர்வு 62, இறுதியில் 75. அவளுக்கு மதிப்பீடு 62, தேர்வு 88, இறுதியில் 75. தேர்வில் 26 மதிப்பெண் முன்னால் ஓடியவளும் பின்னால் நின்றவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அவனுடைய மதிப்பீட்டுக் கட்டத்தில் இருக்கும் 88 அவள் எழுதிய 88. அவளுடைய கட்டத்தில் இருக்கும் 62 அவன் எழுதிய 62.

ஆசிரியர் சரியாக வரிசைப்படுத்தியிருந்து, பையன் தேர்வன்று காய்ச்சலில் படுத்திருந்தால் இது அவனைக் காப்பாற்றிய விதி என்று சொல்லலாம். உண்மைதான், அந்த நல்லதும் இதில் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் வரிசையைத் தவறாகப் போட்டிருந்தால், அவர் முன்பெஞ்சின் பக்கம் சாய்ந்தவராக இருந்தால், இந்த விதி அந்தச் சாய்வைத் தொடவே தொடாது. தொடாதது மட்டுமா, பின்பெஞ்சுக்காரி கஷ்டப்பட்டு எழுதியதை எடுத்து முன்பெஞ்சுக்காரன் கணக்கில் வரவு வைக்கும். பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள அநியாயத்தைச் சரிக்கட்டுகிற விதி, வகுப்புக்குள்ளே இருக்கிற அநியாயத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் சுருக்கிப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் ஒரு பாடத்தை ஒருத்தி மட்டும் எடுக்கிறாள். வரிசை என்று ஒன்று இல்லை. அவளே முதல், அவளே கடைசி, அவளே சராசரி. எனவே அவளுடைய மதிப்பீட்டு மதிப்பெண் என்பது அவளுடைய தேர்வு மதிப்பெண்தான். ஒரே எண் இரண்டு தடவை எழுதப்படுகிறது. ஒரு வருடம் அவள் செய்த வேலை எந்தத் தடயமும் இல்லாமல் போய்விடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் தமிழும் எச்.எஸ்.சி. பாடங்களில் ஒன்று. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்கிற கூட்டம் புலம்பெயர்ந்தோரின் மொழிகளுக்குச் சேராது. குழு சிறிதாகச் சிறிதாக ஆசிரியரின் குரலும் சிறிதாகிக்கொண்டே போகும் என்பதை மொழிக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

நண்பரின் கவலை வேறு மாதிரி. 'மற்றப் பிள்ளையள் சோதினையில விட்டா எங்கட பிள்ளையின்ர மார்க்கும் சேர்ந்து இறங்குமாம்' என்றார். அது சரிதான். என் மதிப்பீட்டு மதிப்பெண் என் வகுப்புத் தோழர்களின் கையில் இருக்கிறது. இதற்கு இரண்டு விதமாக எதிர்வினை வரும். 'எல்லாரும் சேர்ந்து படித்தால்தான் எல்லாருக்கும் நல்லது, ஒருத்தருக்கொருத்தர் குறிப்பைக் கொடுங்கள்' என்று ஆசிரியர் சொல்லலாம். அப்படி ஒரு கூட்டுணர்வுக்கு விதியிலேயே இடமிருக்கிறது. ஆனால் அதே விதியில் வரிசையும் இருக்கிறதே. பக்கத்தில் இருப்பவள் நன்றாக எழுத வேண்டும், ஆனால் என்னைத் தாண்டக் கூடாது. இந்த நெருக்கடியிலிருந்து தப்பிக்க வசதியுள்ள பெற்றோர் செய்வது, 'நல்ல பிள்ளைகள்' இருக்கிற பள்ளியைத் தேடிப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நல்ல பிள்ளைகள் என்றால் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. பூர்தியுவும் பாஸ்ரோனும் 1970இல் மறுஉற்பத்தி என்று எழுதியது இந்த ஊர்வலத்தைப் பற்றித்தான்.

4

தேர்வே நடக்காவிட்டால் சரிக்கட்டல் என்ன செய்யும்? 2020இல் கொரோனா அந்தச் சோதனையை நடத்திக் காட்டியது.

இங்கிலாந்தில் ஏ லெவல் தேர்வு ரத்தானதும் தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பு பள்ளிகளிடம் இரண்டு விஷயம் கேட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் என்ன தரம் கிடைத்திருக்கும், வகுப்பில் அவர் எத்தனையாவது ஆள். பெரிய குழுக்களில் முதலாவதை ஓரம் வைத்துவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டார்கள். அதே பழைய கதை, வரிசை உன்னுடையது. எண்ணைத் தருவதற்குத் தேர்வு இல்லையே, என்ன செய்வது? அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் மாணவர்கள் என்ன வாங்கினார்களோ அந்தப் பங்கீட்டை எடுத்து, இந்த வருட வரிசையை அதில் சொருகினார்கள். அண்ணன்மார் எழுதிய பரீட்சைக்குத் தம்பிமாருக்கு மார்க். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஏறத்தாழ 39 சதவீதத் தரங்கள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. ஐந்து பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் இருந்த குழுக்களில் புள்ளிவிவரம் வேலை செய்யாது என்பதால் ஆசிரியரின் தரத்தை அப்படியே விட்டார்கள். சின்னச் சின்ன வகுப்பு வைத்துக்கொள்ள யாருக்குக் கட்டுப்படியாகும்? கட்டணப் பள்ளிகளுக்கு. முதலிரண்டு உயர் தரங்கள் அந்தப் பள்ளிகளில் 4.7 சதவீதப் புள்ளி உயர்ந்தன. சாதாரண அரசுப் பள்ளிகளில் 2 புள்ளி.

ஸ்காட்லாந்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. ஆகஸ்ட் 4 அன்று வந்த ஹையர் தேர்வு முடிவுகளில், மிக வறிய பகுதி மாணவர்களுக்கு ஆசிரியர்கள் மதிப்பிட்ட தேர்ச்சி 15.2 சதவீதப் புள்ளி வெட்டப்பட்டது. மிக வசதியான பகுதிகளில் வெட்டு 6.9. ஒரு வாரத்தில் அரசு பின்வாங்கியது. இங்கிலாந்தில் மாணவர்கள் கல்வித்துறை அலுவலகத்துக்கு முன்னால் திரண்டு கத்தினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அங்கேயும் ஆசிரியர் தந்த தரத்துக்கே திரும்பினார்கள்.

அந்த நாட்களில் 'கணினிச் சூத்திரம் அநியாயம் செய்துவிட்டது' என்று எல்லோரும் எழுதினார்கள். சூத்திரம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் குழுவின் தேர்வுதான் எண்ணைத் தருகிறது. இங்கிலாந்தில் குழுவின் கடந்தகாலம் தந்தது. ஒரு பெண் என்ன எழுதினாள் என்பதைத் திறந்து பார்க்காமலேயே, அவள் எந்த இடத்தைச் சேர்ந்தவள் என்பதை வைத்து அவளுடைய உயரத்தை முடிவு செய்வது இரண்டிலும் உண்டு. ஒன்றில் அவள் எழுதிய பரீட்சையும் கூட இருப்பதால் அது மறைந்திருக்கிறது. இன்னொன்றில் மறைப்பு விலகிவிட்டது. இங்கே 2021இல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் செய்ததும் இதன் தம்பிதான். பள்ளிகள் போட்ட மதிப்பெண், அந்தப் பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் எட்டிய சிறந்த முடிவை ஒட்டி இருக்க வேண்டும் என்றார்கள். இந்த இடத்திலிருந்து வந்தவன் இவ்வளவுதான் வருவான் என்ற பேச்சு நமக்குப் புதிதா என்ன?

5

இவ்வளவு எழுதியபின் ஆசிரியரின் தீர்ப்புக்கு வாழ்க போட்டுவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். நம் பத்திரிகைகளில் தேர்வை அதிகாரம் என்று சாடிவிட்டு முடிக்கிற பழக்கமும் இருக்கிறது. என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. சங்க இலக்கியம் நடத்திய பேராசிரியர் முதல் நாளே என்னிடம், 'எந்த ஊருப்பா?' என்றார். சொன்னேன். 'ஊருக்குள்ளயா, காலனியா?' என்றார். அதையும் சொன்னேன். அந்தப் பருவத்தில் எனக்கு அகமதிப்பீடு 11. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த நண்பனுக்கு 24. பல்கலைக்கழகத் தேர்வில் எனக்கு 61, வகுப்பிலேயே அதிகம். அந்த நண்பனுக்கு 33. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் பை தூக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த 61ஐப் போட்டவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. விடைத்தாளில் என் பெயரும் ஊரும் இல்லை, டம்மி நம்பர் மட்டும் இருந்தது. என் வாழ்க்கையில் என்னை ஊர் பேர் கேட்காமல் வாசித்த முதல் வாசகர் அவர்தான்.

சீனாவில் சாங் அரச காலத்தில் அரசுப் பணித் தேர்வுகளின் விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைத்தார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பான் என்று எழுத்தர்களைக் கொண்டு விடைகளைப் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். முகம் தெரியாத வாசிப்பு ஒரு அதிகாரம் என்று சொல்லும் நாம், முகம் தெரிந்த வாசிப்பு இந்தத் தேசத்தில் யாருக்கு என்ன செய்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வு பலரை வடிகட்டி வெளியே தள்ளியிருக்கிறது. சிலருக்கு அது ஒளிந்துகொள்ள ஒரு இடமாகவும் இருந்திருக்கிறது.

இப்போது என் வகுப்பைச் சிட்னி விதிப்படி சரிக்கட்டிப் பாருங்கள். பேராசிரியர் போட்ட வரிசை மாறாது. அகமதிப்பீட்டில் அந்த நண்பன்தான் முதல். ஆகவே வகுப்பின் உயர்ந்த தேர்வு மதிப்பெண் அவன் கணக்கில் ஏறும். அது நான் எழுதிய 61. மேலே சொன்ன பின்பெஞ்சுக்காரியைக் கற்பனையில் உருவாக்க நான் அதிகம் சிரமப்படவில்லை.

அப்படியானால் சரிக்கட்டலே இல்லாமல், பள்ளி போட்ட எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டால்? இங்கிலாந்தில் அதுவும் நடந்தது. 2021இல் தேர்வும் இல்லை, சூத்திரமும் இல்லை. ஆசிரியர் தந்த தரம்தான். முதலிரண்டு உயர் தரங்கள் 2019இல் 25 சதவீத அளவில் இருந்தவை 44 சதவீதத்துக்கும் மேலாயின. அதில் கட்டணப் பள்ளிகளுக்கு 70 சதவீதம், சாதாரண அரசுப் பள்ளிகளுக்கு 39 சதவீதம். சூத்திரத்தை விரட்டினால் வர்க்கமும் சேர்ந்து ஓடிவிடும் என்ற நம்பிக்கை ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு 2017-18இலிருந்து படிப்படியாக நூற்றுக்குப் பத்து அகமதிப்பீடு வந்தது. வருகை, வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, இணைச் செயல்பாடு என்று அதற்குத் தலைப்புகள் உண்டு. கல்லூரியில் வேலை கிடைக்காமல் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த காலத்தில் நானும் அதைப் போட்டிருக்கிறேன். முதல்வர் கூப்பிட்டார். 'சார், எல்லாருக்கும் பத்து போட்டு அனுப்பிடுங்க. பக்கத்து ஸ்கூல்ல பத்து போடுறான், நாம ஒம்போது போட்டா நம்ம பிள்ளைங்கதான் அடிவாங்கும்.' அவர் சொன்னதில் தப்பில்லை. எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்காத எண் பத்தில்தான் போய் நிற்கும். 43 பேருக்கும் பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த 43 பேரில் ஒருத்தி, தன் அப்பத்தா பாடிய ஒப்பாரிகளைக் கேட்டு எழுதி, ஒவ்வொன்றும் யார் சாவில் பாடப்பட்டது என்று குறித்து, 16 பக்க ஒப்படைப்பு கொடுத்திருந்தாள். எம்.ஏ.வில் நான் எழுதிய எதையும்விட அது நன்றாக இருந்தது. அவளுக்கும் பத்து. அட்டை மட்டும் போட்டு உள்ளே வெள்ளைத்தாள் வைத்துக் கொடுத்தவனுக்கும் பத்து. இதைச் சமத்துவம் என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. நான் அவளை வாசித்தேன், வாசித்ததற்கு ஒரு தடயமும் வைக்கவில்லை. சிட்னியில் தனியாகப் படித்தவளுக்கு விதி செய்ததை இங்கே நானே செய்தேன். இப்படி வாசிக்காமல் போட்ட எண்களுக்கு 2021இல் திடீரென்று எடை கூடியது. பிளஸ் டூ தேர்வு ரத்தாகி, பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சதவீதம் பிரித்தபோது, முதல்வர்கள் அறையில் முடிவான அந்தப் பத்தும் அந்த 30க்குள் இருந்தது.

6

ஆக, ஆசிரியரை நம்பு என்றும் சொல்ல முடியவில்லை, தேர்வை நம்பு என்றும் சொல்ல முடியவில்லை. தீர்ப்பைத் திருத்த ஒரு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதைக் கொண்டு திருத்துவது என்பதுதான் பிரச்சினை.

நியூ சவுத் வேல்ஸுக்கு வடக்கே, எல்லையைத் தாண்டினால் குவீன்ஸ்லாந்து. அங்கே ராட்ஃபோர்டு குழு 1970இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்த மாநிலத்தில் பள்ளி இறுதிப் பாடங்களுக்குப் பொதுத்தேர்வு இல்லை. ஆசிரியரின் தீர்ப்பைச் சும்மா விட்டுவிடவும் இல்லை. மாணவர்கள் செய்த வேலையின் தொகுப்புகள் வேறு பள்ளி ஆசிரியர்கள் உட்கார்ந்த குழுக்களுக்குப் போயின. இந்தத் தரத்துக்கு இந்த வேலை போதுமா என்று அவர்கள் வாசித்துச் சொன்னார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பள்ளியோடு வாதம் நடந்தது. அதையும் சொர்க்கம் என்று காட்ட எனக்கு ஆசையில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கான தரவரிசைக்கு அங்கே ஒரு பொதுத் திறன் தேர்வு 1992 முதல் 2019 வரை இருந்தது. குழுக்களைப் பொருத்த அதைத்தான் நாடினார்கள். 2020இல் பொதுத்தேர்வும் திரும்பி வந்தது, பெரும்பாலான பாடங்களில் கால் பங்கு, கணிதத்திலும் அறிவியலிலும் அரைப் பங்கு. ஆனால் அந்தத் தேர்வைக் கொண்டு பள்ளி மதிப்பெண்ணைத் திருத்துவதில்லை. பள்ளி மதிப்பெண்ணை இன்றும் மாதிரிகளை வாசித்தே உறுதி செய்கிறார்கள்.

நம் பார்வையில் முக்கியமான வித்தியாசம் இதுதான். நியூ சவுத் வேல்ஸில் எண்ணை எண் திருத்துகிறது. குவீன்ஸ்லாந்தில் வாசிப்பை வாசிப்பு திருத்துகிறது. முதலாவதில் பிள்ளை எழுதிய பக்கத்தை யாரும் மறுபடி திறக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் திறந்தே ஆக வேண்டும். திறப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும். எண்ணை எண் திருத்துவது மலிவு என்பதை மறைக்கத்தான் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைக்கிறார்கள்.

ஆசிரியர் சங்கங்களிலும் மாணவர் அமைப்புகளிலும் இருக்கும் தோழர்கள் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைத் திட்டமாகவே சொல்கிறேன். அகமதிப்பீட்டைக் கூட்டு, குறை என்று பேசுவதற்கு முன், அந்தப் பத்து மதிப்பெண்ணுக்கான வேலையை வைத்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் மறைத்து, டம்மி நம்பர் போட்டு, அதில் ஒரு பங்கையாவது வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் வாசிக்கட்டும். வகுப்பின் சராசரியை மட்டும் பார்க்காமல் வரிசையையும் சேர்த்துக் கேள்வி கேட்கட்டும். டம்மி நம்பர் எனக்குக் கொடுத்ததும், ஒப்பாரி எழுதியவளுக்கு நான் கொடுக்கத் தவறியதும் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பணம் இல்லை என்பார்கள். பொதுத்தேர்வுக்கு மட்டும் எங்கிருந்து பணம் வருகிறது என்று கேளுங்கள்.

நண்பரின் மகள் சான்றிதழ் வாங்கிவிட்டாள். மதிப்பீட்டு மதிப்பெண், தேர்வு மதிப்பெண், இறுதி மதிப்பெண் என்று மூன்று எண்கள் அதில் இருக்கின்றன. தன் ஆசிரியர் தனக்கு உண்மையில் எவ்வளவு போட்டார் என்பது அந்த மூன்றில் இல்லை. 'அவள் இப்ப அதைப் பற்றிக் கதைக்கிறதேயில்லை, தம்பி' என்றார் நண்பர்.

நான் வேலை பார்த்த பள்ளியில் வருடக் கடைசியில் ஒப்படைப்புகளை எடைக்குப் போட்டார்கள். 43ம் ஒரே கட்டாகப் போனது. அந்த 16 பக்கத்தை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.